ரெண்டே எழுத்து

"ரெண்டே எழுத்துதானேம்மா" என்றார் அதிகாரி, காய்கறிக் கடையில் கொசுறு கேட்பவர் மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டே எழுத்தாம்! எழுத்தைப் பற்றி என்னிடமே சொல்ல வந்துவிட்டார். எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே எழுத்தால்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எழுத்துக் கடை என்னுடையது. மருந்துக்கடை, பல் டாக்டர், பாத்திரக்கடை என்று எந்த வாசலுக்கு மேல் பளபளவென்று ஸ்டீல் எழுத்து நின்றாலும் அது பெரும்பாலும் எங்கள் பட்டறையில் பிறந்ததாகத்தான் இருக்கும். நான் தகட்டில் வரைந்து வெட்டுவேன். என் வீட்டுக்காரர் பற்றவைத்து, பின்பக்கம் திருகாணி வைத்து, ஏணியில் ஏறிச் சுவரில் மாட்டுவார். எல்லோரும் அவரை வெல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அதிகாரி வந்து நின்றது என் கடையில் இல்லை, எங்கள் ஜெபக்கூடத்து வாசலில். தகரக் கூரை போட்ட நீளமான கூடம், முன்னால் ஒரு இரட்டைக் கதவு. பின்னால் ஒட்டினாற்போல் ஒரே ஒரு அறை. அதில்தான் போதகர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருக்கிறார். போதகர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. கதவுக்கு மேலே நானும் வெல்டரும் சேர்ந்து மாட்டிய வரி: 'ஆண்டவருக்கே அடிபணிவோம்.' ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜனங்கள் எல்லோரும் முதலில் வாசலில் நிற்போம். தம்பி கையை உயர்த்தி அந்த வரியைச் சொல்வான், நாங்கள் திருப்பிச் சொல்வோம், அப்புறம்தான் கதவு திறக்கும். கூடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

புதிதாக வந்த உத்தரவு இதுதான். வழிபாட்டு இடங்களின் சுவரில் 'ஆண்டவர்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் 'ஆள்பவர்' என்று மாற்ற வேண்டும். மாற்றிய வரியை, கூடுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மறுத்தால் கதவுக்கு சீல்.

"பாருங்க, 'ண்'னை எடுத்துட்டு 'ள்' வைக்கணும். 'ட'வை எடுத்துட்டு 'ப' வைக்கணும். மிச்சமெல்லாம் அப்படியே இருக்கட்டும். கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு ஆசையா என்ன?" என்றார் அதிகாரி. மனிதர் பேச்சில் தேன் ஒழுகியது. போகிற இடமெல்லாம் முத்திரை குத்திக்கொண்டே போவதால் அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பெயர். "அதுவும் இல்லாம, ஆண்டவர்ங்கிறது இறந்தகாலம்மா. ஆண்டு முடிச்சவரு. ஆள்பவர்தான் நிகழ்காலம். நாமளும் நிகழ்காலத்துக்கு வந்துடணும், இல்லையா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் இதையே சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது சிரித்த பழக்கத்திலேயே தெரிந்தது.

"நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஆண்டவரு. அதான் சார் அந்தப் பேரு" என்றேன்.

தம்பி என் காலை மிதித்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திடறோம் சார்" என்றான். எனக்குக் கால் வலிக்கவில்லை, வேறெங்கோ வலித்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். நான் ஒரு பல் டாக்டருக்காக 'பல்' என்ற எழுத்தை மேஜையில் கிடத்தி விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, கோபப்படாம கேளு."

"கோபப்படாம கேக்கணும்னா, கோபம் வராத விஷயத்தோட வந்திருக்கணும்."

"அவங்க அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்கன்னா மேல இருக்கிறவருக்குத் தெரியாம உக்காரலை. அவரு விட்டுத்தான் உக்காந்திருக்காங்க. நாம எதிர்த்து நின்னா அவரு வச்ச ஒழுங்கையே எதிர்த்த மாதிரி ஆயிடும். நல்லவங்களுக்கு மட்டும் பணியறது பெரிய விஷயமாக்கா? பொல்லாதவங்களுக்கும் பணிஞ்சு, அவங்களுக்காக ஜெபம் பண்றதுதான் விசுவாசம்."

அவன் பொய்யாகப் பேசவில்லை. நம்பித்தான் பேசினான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ராவுகிற அரத்தைக் கீழே வைத்தேன்.

"நான் பணியாமயா இருக்கேன்? வரி கட்டலையா? சிவப்பு விளக்குல நிக்கலையா? கடை போர்டு ரெண்டு விரக்கடை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குன்னாங்க, மறுபேச்சில்லாம கழட்டலையா? அதெல்லாம் ஆள்றவங்களுக்கு. தரமாட்டேன்னு சொல்லலையே. 'ஆள்பவருக்கும் அடிபணிவோம்'னு மாட்டச் சொல்லு, இந்த நிமிஷமே வெட்டித் தர்றேன், கூலி கூட வேணாம். 'உம்'முன்னா எனக்குச் சண்டையே கிடையாது. 'ஏ' போடச் சொல்றாங்களே! அந்த 'ஏ' ஒருத்தருக்குத்தான்டா. அதை ரெண்டு பேருக்கு வைக்க முடியாது."

'பல்'லின் விளிம்பை விரலால் தடவினான்.

"வெறும் எழுத்துதானேக்கா. மனசை மாத்தச் சொல்லலையே. சுவத்துல என்ன இருந்தா என்ன, உள்ள இருக்கிறதை எவன் எட்டிப் பார்க்கப் போறான்?"

"அப்படின்னா 'அக்காவுக்கே அடிபணிவோம்'னு மாட்டு. சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூடத்துக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்ல? சட்டி பானையெல்லாம் மழையில கிடந்துச்சு. அந்தப் போதகரை விசாரணைன்னு ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க, இன்னும் திரும்பி வரலை. எங்க அறையும் கூடத்தோட சேர்ந்ததுதான். சீல் வச்சா எங்க கட்டிலுக்கும் சேர்த்துத்தான். பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு அவ எங்க போவா?"

"எங்கே போவாளா? ஏன், நான் செத்தா போயிட்டேன்? என் வீடு இல்லை?"

"உன் வீட்டுக்கு நாங்க வரலாம். ஜனங்க எங்கக்கா போவாங்க? வாரம் பூரா அடிபட்டு வந்து அங்க உக்காந்து ஒரு மணி நேரம் அழுதுட்டுப் போறவங்க எத்தனை பேரு தெரியுமா? கூடத்தைப் பூட்டிட்டு அவங்ககிட்ட 'ஏ'வைப் பத்திப் பேசவா?"

அரத்தை எடுத்து மறுபடி விளிம்பு தேய்க்கப் பார்த்தேன். அவன் சொன்னது நியாயம்தான், ஆனால் அதற்காகக் கை வந்துவிடுமா?

"நீ சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும்டா. என் கை வெட்டாது."

எழுந்துவிட்டான். "உனக்கென்ன, வாராவாரம் வந்துட்டுப் போறவ. அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டியவன் நான்" என்றான். வரவழைத்த தேநீரைக் குடிக்காமலே போனான். அவன் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் துளைபோடும் ஊசி ஒன்று தேவைப்பட்டு வெல்டரின் கருவிப்பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய துணியில் சுற்றி, ஒரு 'ண' இருந்தது. எங்கள் எழுத்தை எனக்குத் தெரியாதா? கடைசிச் சுழியில் நான் அரம் தவறவிட்ட கீறல் அப்படியே இருந்தது.

வெல்டர் பட்டறை மூலையில் எதையோ மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"எப்போ?" என்றேன்.

"காலையில." தலை நிமிரவில்லை. "மச்சான் வந்து அழுதான். என்னால பார்க்க முடியலை."

"'ள' ஏது? நான் வெட்டலையே."

"பாத்திரக்கடைக்காரர் அளவு சரியில்லைன்னு திருப்பிக் கொடுத்தாரே, 'பாத்திரங்கள்'. அதுலேர்ந்து எடுத்தேன். புள்ளியைத் தொடலை, பழைய புள்ளியே போதுமா இருந்துச்சு."

"'ப'?"

"'ட'வுக்கு வலது பக்கம் ஒரு கால் வச்சா 'ப'தானே." பிறகு, நான் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார். "முழுசாப் பத்த வைக்கலை. ரெண்டு பொட்டுதான் வச்சேன். கை வரலை."

"உங்களுக்கு மனசாட்சியும் ரெண்டு பொட்டுதான், வெல்டர்" என்றேன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, பக்கத்துக் கடைக்காரருக்கு நினைவிருக்கும். என் தம்பியும் என் புருஷனும் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் என் எழுத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். 'ண'வை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. அதை அந்தப் பெட்டியில் விட்டுவைக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்புறம், ஏன் நான் போகக்கூடாது, அது என்ன அவர்கள் அப்பன் வீட்டுக் கூடமா என்று வீம்பு வந்தது. போனேன். வெல்டர் இரண்டு அடி பின்னால் வந்தார், இடுப்பில் கருவிப்பையும் தோளில் ஏணியுமாக.

"ஏணி எதுக்கு?"

"தெரியலை. வரும்போது கை எடுத்துடுச்சு."

வாசலில் ஜனங்கள் முன்னமே கூடியிருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், எல்லோரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். 'ஆள்பவருக்கே அடிபணிவோம்.' 'ண' அகலமான எழுத்து. அந்த இடத்தில் 'ள'வை வைத்தால் நிறைக்குமா? இரண்டு பக்கமும் பல் விழுந்த மாதிரி சந்து. வேலையாகப் பார்த்தாலும் அசிங்கம்.

ரப்பர் ஸ்டாம்ப் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்திருந்தார். ஒருவர் கையில் சீல் வைக்கும் மெழுகும் துணியும். இன்னொருவர் கைபேசியில் படம் பிடிக்கத் தயாராக நின்றார். அதிகாரி மேலே பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் போதகரே. இப்ப வழக்கம்போல நீங்க சொல்லுங்க, அவங்க பின்னாடி சொல்லட்டும். பதிவு பண்ணிக்கிட்டு நாங்க கிளம்பிடறோம்."

தம்பி வெள்ளைச் சட்டையில் படியில் நின்றான். கண் வீங்கியிருந்தது. தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் நின்றாள். தம்பி கையை உயர்த்தினான், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல. கண்ணை மூடினான், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல. வாய் திறந்தான்.

"ஆண்டவருக்கே அடிபணிவோம்!"

"ஆண்டவருக்கே அடிபணிவோம்!" என்றது மொத்தக் கூட்டமும், அதே மூச்சில்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. தம்பி கண்ணைத் திறந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவன் துணிந்து சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், வாய் தவறிவிட்டது. எழுத்தை மாற்றியவர்களுக்கு நாக்கை மாற்றவேண்டும் என்று தோன்றவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"பழக்கதோஷம். பரவாயில்லை, புரியுது. இன்னொரு தடவை சொல்லுங்க. மேலதான் பெரிசா இருக்கே, பார்த்தே சொல்லுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. போலீஸ்காரர் படத்தை அழித்துவிட்டு மறுபடி கைபேசியைத் தூக்கினார்.

அவ்வளவுதான். நழுவிப்போக வழி திறந்தே இருந்தது. ஒரே ஒரு வரி சொன்னால் கதவு திறக்கும், கட்டில் உள்ளேயே இருக்கும், ஜனங்கள் வழக்கம்போல் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகலாம். தம்பி தலையைத் தூக்கி அந்த வரியைப் பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. பிறகு திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

அவள் அதிகம் பேசாதவள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். என்ன செய்கிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் சுருட்டிய மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொண்டுவந்து வாசலை ஒட்டித் தெருவோரத்தில் வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு, அடுத்ததை எடுக்க உள்ளே போனாள்.

தம்பி பெருமூச்சு விட்டான். மூட்டையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு அது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"ஆண்டவருக்கே அடிபணிவோம்."

முதல் தடவை வாய் தவறியது. இரண்டாம் தடவை தவறவில்லை. ஜனங்கள் செருப்பிலிருந்து தலையைத் தூக்கினார்கள். திருப்பிச் சொன்ன சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. என் கையிலிருந்த குழந்தை அலறியது. நானும் அலறினேன், அதே வரியை.

"உங்களுக்காக ஜெபம் பண்ணுவோம் சார். வரி கட்டுவோம். கூப்பிட்டா வருவோம். இது மட்டும் உங்களுக்குக் கிடையாது" என்றான் தம்பி. குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே சொன்னான்.

ரப்பர் ஸ்டாம்பின் சிரிப்பு கழன்று விழுந்தது. "சீல் வைங்க. இவரை ஏத்துங்க" என்றார்.

"வெல்டர், ஏணி!" என்றேன்.

நான் சொல்லி முடிக்குமுன் அவர் ஏணியைச் சுவரில் சாத்திப் பாதி ஏறிவிட்டிருந்தார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அதிகாரிகளிடம் எதிர்த்துப் பேசாத மனிதர். "யோவ், இறங்கு!" என்று போலீஸ்காரர் கத்த, அவர் குனிந்து பணிவாகச் சொன்னார்: "என் வேலைதான் சார். சரியாப் பத்த வைக்கலை. யார் தலையிலயாவது விழுந்துடும்."

சுத்தியலால் ஒரே தட்டு. 'ப'வின் வலது கால் கழன்று, அதிகாரியின் பாதத்துக்குப் பக்கத்தில் கணீரென்று விழுந்தது. மேலே 'ட' நின்றது.

ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கைப்பையைத் திறந்து 'ண'வைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் 'ள'வைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு 'ண'வை வைத்தார். ஒரு திருகாணியை முடுக்கிவிட்டார், இரண்டாவதற்குள் போலீஸ்காரர் காலைப் பிடித்து இழுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஏணியோடு சரிந்து மெத்தையின் மேல் விழுந்தார். தம்பி மனைவிக்குத்தான் எவ்வளவு முன்யோசனை!

"ஏங்க, அடிபட்டுச்சா?" என்றேன். வெல்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"இல்லை. 'ண' நின்னுச்சா?"

"நின்னுச்சு."

கதவுக்கு மெழுகு வைத்தார்கள். 'இந்தக் கட்டடத்தில் எதையும் எவரும் தொடவோ மாற்றவோ கூடாது' என்று ஒரு தாளை ஒட்டி, வாசலில் காவலுக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் குழந்தையோடு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் குழந்தையின் தலையைத் தொட்டான். பிறகு என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தான்.

"அக்கா, 'ண' கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"சாயும்டா, ஒரு திருகாணிதான். நீ வா. வந்து கீழே நின்னு பாத்துச் சொல்லு, நேரா வைக்கிறேன்."

"சரி" என்றான். சிரித்தான், இந்தத் தடவை சிரிப்பு போகவில்லை. ஜீப்தான் போனது.

மறுநாள் எழுத்தைக் கழற்ற அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தாளைக் காட்டினார். சீல் வைத்த கட்டடத்தில் எதையும் தொடக்கூடாதாம், தொடுவதற்குத் தனி உத்தரவு வேண்டுமாம். அந்த உத்தரவு இன்னும் எந்த மேஜையிலோ தூங்குகிறது. 'ள'வைப் பழையபடி 'பாத்திரங்கள்' போர்டிலேயே சேர்த்துவிட்டேன், அது பாவம், என்ன செய்தது.

தம்பி மனைவியும் குழந்தையும் என் வீட்டில் இருக்கிறார்கள். தம்பி இன்னும் வரவில்லை. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். என்ன விசாரணையோ! கேட்டால் அவன் ஒரே வரியைத்தான் சொல்லப்போகிறான். நான் தினமும் போய் அந்த அலுவலக வாசலில் நின்று, எப்போது விடுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன். ரப்பர் ஸ்டாம்ப் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிய கதவுக்கு முன்னால் தெருவில் நிற்கிறோம். ஆள் குறையவில்லை, அழுகிறவர்கள் தெருவிலேயே அழுகிறார்கள். அதிகம் பேசாத தம்பி மனைவிதான் கையை உயர்த்தி அந்த வரியைச் சொல்கிறாள். கதவு திறப்பதில்லை. நாங்கள் சொல்லாமல் விடுவதும் இல்லை.

'ண' இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. ஏணி இருக்கிறது, திருகாணி இருக்கிறது, காவல்காரரும் மத்தியானத்தில் அசந்துவிடுகிறார். ஆனாலும் நான் தொடமாட்டேன். அவன் வந்து கீழே நின்று பார்த்துச் சொல்லட்டும்.